கிளை நூலகத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களா? முதலில் ஊரோடு உட்கார்ந்து பேசுங்கள்

உங்கள் ஊர் நூலகத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். பொறியாளர் வந்து அளவெடுப்பார், ஒப்பந்தக்காரர் பழைய தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடுவார், சுவருக்குப் புது பெயின்ட், வாசலில் கல்வெட்டு, அப்புறம் திறப்பு விழா. இவ்வளவுக்கும் நடுவில், தினமும் அங்கே வந்து உட்காருகிறவரிடம் "உங்களுக்கு இங்கே என்ன சிரமம்" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நூலகத்துக்கு வராதவரிடம் கேட்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றியே இருக்காது.

2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அருமையான நோக்கம். ஆனால் எத்தனையோ ஊர்களில் அந்தக் கட்டடம் பிற்பாடு பூட்டியே கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். யார் திறப்பது, எந்த நேரத்தில் திறப்பது, உள்ளே யார் என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் அந்தந்த ஊரோடு பேசி முடிவு செய்யாமல் கட்டடத்தை மட்டும் கொடுத்தால் அப்படித்தான் ஆகும் என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் இதை எழுதுகிறேன். வாசகர் வட்டத்தில் இருப்பவர்கள், நூலகர்கள், ஊரில் நாலு பேரைச் சேர்த்து உருப்படியாக ஏதாவது செய்ய நினைக்கும் இளைஞர்கள் என யார் வேண்டுமானாலும் இந்த முறையில் தொடங்கலாம். பெரிய செலவு கிடையாது, இரண்டு மூன்று மாதம் பொறுமை மட்டும் வேண்டும்.

கட்டடம் யாருடையது?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் யாரிடம் மனு கொடுப்பது என்பது இதைப் பொறுத்துத்தான். பொது நூலகத் துறையின் கிளை நூலகம் அல்லது ஊர்ப்புற நூலகம் என்றால் மாவட்ட நூலக அலுவலரிடம் போக வேண்டும். ஊராட்சி நூலகம் என்றால் ஊராட்சித் தலைவரும் வட்டார வளர்ச்சி அலுவலகமும். நகராட்சி கட்டிய அறிவுசார் மையம் என்றால் நகராட்சி. துறை நூலகமே வாடகைக் கட்டடத்தில் நடக்கலாம், யாரோ இலவசமாகக் கொடுத்த இடத்தில் நடக்கலாம், அப்போது சுவரை இடிக்கவோ புதிதாக வாசல் வைக்கவோ உரிமையாளர் சம்மதமும் வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கும். 1948இல் வந்த பொது நூலகச் சட்டப்படி நம் வீட்டு வரி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கிறார்கள், இப்போது அது வரியில் 10 சதவீதம். வீட்டு வரி ரசீதைக் கையில் கொண்டுபோய் அந்தக் கட்டத்தைக் காட்டுங்கள். வரி கட்டுகிறவருக்கு உள்ளே என்ன வேண்டும் என்று சொல்லும் உரிமையும் இருக்கிறது என்பது அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் புரிந்துவிடும், நாம் நீளமாகப் பேச வேண்டியதில்லை.

நூலகரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நைந்துபோன புத்தகத்தைக்கூட இஷ்டத்துக்குத் தூக்கிப் போட முடியாது, அதைக் கழிக்க முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். அலமாரிகள் நிரம்பி வழிவதற்கும், எதையும் நகர்த்தச் சொன்னால் அவர் தயங்குவதற்கும் இதுதான் காரணம். அவருடைய பயத்தை மதித்து, எந்தப் புத்தகங்களைக் கழிக்கலாம் என்று பட்டியல் எடுப்பதற்கு உதவி செய்தாலே பாதி இடம் கிடைத்துவிடும்.

ஒரு வாரம் சும்மா பாருங்கள்

கேள்வி கேட்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். ஒரு தாளில் நூலகத்தின் வரைபடத்தைக் கையால் போடுங்கள்: வாசல், ஜன்னல், மேசை, அலமாரி, ஃபேன், பிளக் பாயின்ட் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று. இருபது பிரதி எடுத்துக்கொண்டு, மணிக்கு ஒருமுறை, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று குறியுங்கள். பெயர் வேண்டாம், ஆணா பெண்ணா, சிறுவரா பெரியவரா என்பது போதும். ஊரில் உள்ள கல்லூரி மாணவர்கள் முறைவைத்து இதைச் செய்யலாம். வருகைப் பதிவேட்டை மட்டும் நம்ப முடியாது. நிறையப் பேர் கையெழுத்துப் போடாமலே வந்து போவார்கள், போட்டவர் எவ்வளவு நேரம் இருந்தார், எதைத் தேடிவிட்டுக் கிடைக்காமல் போனார் என்பதெல்லாம் அதில் இருக்காது.

பெரும்பாலான கிளை நூலகங்களில் தெரியப்போவது இதுதான். காலையில் பெரியவர்கள் நாளிதழ் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், படித்த செய்தியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் இருக்க முடியாது. குரூப் 4, குரூப் 2, காவலர் தேர்வு என்று தயாராகும் பிள்ளைகள் சொந்தப் புத்தகத்தோடும் தண்ணீர் பாட்டிலோடும் வந்து நாள் முழுக்க இருப்பார்கள், அவர்களுக்கு அமைதி வேண்டும், போன் சார்ஜ் போட இடம் வேண்டும். பள்ளி விட்டதும் சிறுவர்கள் வருவார்கள், அந்த நேரத்தில் உட்கார ஒரு நாற்காலிகூட காலியாக இருக்காது. பெண்கள் வந்தால் புத்தகத்தை மாற்றிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள், உட்காருவதே இல்லை. இப்படிக் குறித்த தாள்களை வரிசையாகச் சுவரில் ஒட்டிப் பார்த்தால், எந்த மூலை நாள் முழுக்க யாருக்கும் பயன்படவில்லை, எந்த மேசைக்கு மூன்று கூட்டம் போட்டி போடுகிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

வராதவர்களைத் தேடிப் போங்கள்

என்னைக் கேட்டால் இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கருத்துப் பெட்டி வைத்தால், ஏற்கெனவே உள்ளே வருகிறவர்தான் அதில் சீட்டுப் போடுவார். லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் 1990களின் கடைசியில் நூலகங்களுக்குக் கூட்டம் குறைந்தபோது, பயன்படுத்தாதவர்களையும் சேர்த்துப் பெரிய அளவில் விசாரித்தார்கள். கடைக்குப் போகிற வழியிலேயே நூலகம் இருந்தால் வருவோம், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தால் வருவோம் என்று மக்கள் சொன்னார்கள். அதன்படி சந்தைத் தெருக்களுக்குப் பக்கத்தில், வகுப்புகளும் நூலகமும் ஒரே கூரைக்கடியில் இருக்கும்படி 'ஐடியா ஸ்டோர்' என்ற பெயரில் கட்ட ஆரம்பித்தார்கள். முதலாவது 2002இல் திறந்தது.

நம் ஊரில் போக வேண்டிய இடங்கள் வேறு. மகளிர் குழுக் கூட்டம், ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கிற இடம், அங்கன்வாடி வாசல், ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை. அங்கே போய் "நூலகத்தில் உங்களுக்கு என்ன வசதி வேண்டும்" என்று கேட்காதீர்கள். "நல்ல புத்தகம் வேணும், ஏசி வேணும்" என்று நம் மனம் கோணாமல் ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவர்களுடைய நாளைப் பற்றிக் கேளுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கே இருப்பீர்கள்? பிள்ளை வீட்டுப்பாடம் எங்கே உட்கார்ந்து எழுதுகிறது? ஏதாவது விண்ணப்பம் போட வேண்டும் என்றால் யாரிடம் போகிறீர்கள், எவ்வளவு கொடுக்கிறீர்கள்? கடைசியாக அந்த நூலகத்துக்குள் எப்போது போனீர்கள், ஏன் திரும்பப் போகவில்லை? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களைச் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ளுங்கள், நம் வார்த்தைக்கு மாற்ற வேண்டாம்.

பெண்களிடம் பெண்கள் கேட்பது நல்லது. கழிவறை இல்லை, இருந்தாலும் பூட்டியிருக்கிறது. உள்ளே நுழைந்தால் நாளிதழ் மேசையில் இருக்கும் அத்தனை ஆண்களும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஏழு மணிக்குத் தெருவிளக்கு எரியாது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி உட்காருவது - இவையெல்லாம் பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லக்கூடியவை அல்ல. பட்டியலில் பார்த்தால் இதில் எதுவுமே புத்தகத்தைப் பற்றியது இல்லை. ஆனால் மேசையைத் திருப்பிப் போடுவது, கழிவறைச் சாவியை ஆணியில் மாட்டிவைப்பது, ஊராட்சியிடம் சொல்லி ஒரு விளக்குப் போடுவது ஆகியவற்றால் புதுப் புத்தகம் வாங்குவதைவிட அதிகம் பேரை உள்ளே கொண்டுவர முடியும்.

இன்னொன்றையும் மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும். நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது நம் ஊர்களில் சாதாரண விஷயம் இல்லை. ஊருக்குள் இருந்தால் காலனிப் பிள்ளைகள் வரத் தயங்கலாம், காலனியில் இருந்தால் ஊரார் வராமல் இருக்கலாம். எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் உறுப்பினர் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு தெரு முழுசாக விடுபட்டிருந்தால் அதற்குக் காரணம் படிப்பில் ஆர்வம் இல்லாததாக இருக்காது. கூட்டத்தையும் கோயில் மண்டபத்திலோ ஒரு சமுதாயத்துக்குச் சொந்தமான மண்டபத்திலோ வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் வைக்கலாம், ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகவும் வைக்கலாம்.

மாற்றுத்திறனாளிகளை அழைத்துக் கருத்துக் கேட்பதோடு நிறுத்தாமல், சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரோடும் பார்வையில்லாத ஒருவரோடும் பேருந்து நிறுத்தத்திலிருந்து அலமாரி வரைக்கும் சேர்ந்து நடந்து வாருங்கள். எங்கே தடுக்கிறது என்பது ஒரே நடையில் தெரிந்துவிடும். சாய்தளம் இருக்கிறதே என்பார்கள், ஆனால் செங்குத்தாக இருந்தால் பயனில்லை. ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒப்பந்தக்காரர் வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் இந்த அளவைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரே அறை, மூன்று கூட்டம்

அடுத்து எல்லோரையும் சேர்த்து உட்காரவைக்கும் கட்டம். முதலில் பெரியவர்கள், தேர்வுக்குப் படிக்கிறவர்கள், பெண்கள், சிறுவர்கள் என்று தனித்தனியாகப் பேசிவிட்டு, அப்புறம்தான் பொதுவாகக் கூட வேண்டும். நேரடியாகப் பொதுக்கூட்டம் வைத்தால் என்ன ஆகும் என்பது தெரியும். முன்வரிசையில் இருக்கும் இரண்டு மூன்று பேரே பேசிக்கொண்டிருப்பார்கள், பதினேழு வயதுப் பெண் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போய்விடும். அதனால் மைக்கே வேண்டாம், ஆளுக்கு மூன்று சீட்டு கொடுத்து எழுதச் சொல்லுங்கள், எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். பின்லாந்தின் ஹெல்சின்கியில் ஊடி என்ற மைய நூலகத்தைக் கட்டுவதற்கு முன்னால், 'கனவு மரம்' என்று ஒன்றை வைத்து மக்கள் தங்கள் விருப்பத்தை எழுதி மாட்டும்படி செய்தார்கள். 2018இல் திறந்தபோது அங்கே தையல் இயந்திரம், இசைப்பதிவு அறை, கூட்டாகச் சமைக்கும் இடம் எல்லாம் இருந்தன.

சீட்டுகளை வகைபிரித்துப் பார்த்தால் மோதல் எங்கே என்று தெரியும். பெரும்பாலும் சத்தம்தான். தேர்வுப் பிள்ளைகளுக்கு ஊசி விழுந்தாலும் கேட்கக்கூடாது, சிறுவர்களுக்குக் கதை சொல்ல வேண்டும், பெரியவர்களுக்குப் பேச வேண்டும். இந்த இடத்தில் "நூலகம் என்றால் அமைதிதான்" என்று ஒருவர் எழுந்து தீர்ப்பு சொல்லிவிட விடாதீர்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் வாழ்க்கை அந்த மேசையை நம்பி இருக்கிறது என்பது உண்மை, அவர்களுக்கு வீட்டில் படிக்க இடம் இல்லை. அதே நேரத்தில் ஊரில் காசு கொடுக்காமல் நிழலில் உட்கார்ந்து நாலு பேரைப் பார்ப்பதற்கு ஒரு முதியவருக்கு இருக்கிற ஒரே இடமும் அதுதான். இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

தரையில் சாக்பீஸால் நூலகத்தின் வரைபடத்தைப் பெரிதாகப் போடுங்கள், பள்ளி மைதானத்தில் நிஜ அளவிலேயே போட்டால் இன்னும் நல்லது. அட்டையில் வெட்டிய மேசை, அலமாரி, நாற்காலிகளை ஒவ்வொரு குழுவும் நகர்த்தி வைக்கட்டும். குழுவைக் கலந்து போடுங்கள்: ஒரு தாத்தா, ஒரு குரூப் 4 மாணவி, ஒரு அம்மா, ஒரு ஏழாம் வகுப்புப் பையன். வாயால் சண்டை போட்டவர்கள் அட்டையை நகர்த்த ஆரம்பித்ததும் அளவுகளைப் பேச ஆரம்பிப்பார்கள். இடத்தைப் பிரிக்க முடியவில்லை என்றால் நேரத்தைப் பிரிக்கலாம். நாளிதழ் மேசையை வராந்தாவுக்குக் கொண்டுபோகலாம், மாலை நான்கரையிலிருந்து ஆறு வரை பெரிய அறை சிறுவர்களுக்கு, மற்ற நேரம் படிப்புக்கு என்று வைக்கலாம். சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிறவர்களுக்கு என்றே தனிப்பிரிவு இருக்கிறது. ஒன்பது மாடிக் கட்டடத்தில்தான் அது முடியும் என்றில்லை, பழைய பத்திரிகைகள் அடுக்கிவைத்த அறையைக் காலி செய்தால் பத்து பேர் உட்காரலாம்.

சிறுவர்களைப் பெரியவர்கள் முன்னால் பேசச் சொல்லாதீர்கள். வரையச் சொல்லுங்கள், அல்லது நூலகத்துக்குள் பிடித்த இடத்தில் பச்சை ஸ்டிக்கரும் பிடிக்காத இடத்தில் சிவப்பும் ஒட்டச் சொல்லுங்கள். அலமாரியின் மேல் தட்டு எட்டவில்லை என்பதைப் பெரும்பாலும் அவர்கள்தான் காட்டிக் கொடுப்பார்கள்.

சிமென்ட் போடும் முன் செய்து பாருங்கள்

பேசி முடிவு செய்ததை உடனே கட்டடமாக்க வேண்டாம். இருக்கிற பொருளை வைத்தே ஒரு மாதம் செய்து பாருங்கள். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்தில் 2015இல் டாக்1 என்ற நூலகத்தைத் திறந்தார்கள், அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே பழைய நூலகத்தின் முன்கூடத்தில் மேசை, திரை, கண்காட்சி என்று மாற்றி மாற்றி வைத்து மக்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்து வந்தார்கள். நமக்குத் தேவை இரண்டு பாய், குட்டையான ஒரு ரேக், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வராந்தாவில் கட்ட ஒரு பச்சைத் துணி. மாதக் கடைசியில் முன்பு போலவே வரைபடத்தில் மணிக்கு ஒருமுறை குறியுங்கள். பயன்படாததை எடுத்துவிடுங்கள். பாயில் யாரும் உட்காராவிட்டால் ஏன் என்று சிறுவர்களையே கேளுங்கள், அந்த இடத்தில் வெயில் நேராக அடிக்கிறது என்பது போன்ற எளிய காரணமாகத்தான் இருக்கும்.

பணத்தின் ஒரு பகுதியையாவது மக்கள் கையில் விடுங்கள். ஹெல்சின்கியில் மைய நூலகத்துக்காக ஒரு லட்சம் யூரோவை எதற்குச் செலவழிப்பது என்பதை மக்களே முடிவு செய்தார்கள். நம்மிடம் இருபதாயிரம் ரூபாய்தான் இருந்தாலும், நாலு யோசனையை எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவாகும் என்று பக்கத்திலேயே போட்டு, ஒரு வாரம் ஓட்டுப் போடவிடுங்கள். சிறுவர் ஓட்டும் ஓட்டுத்தான்.

அனுமதி, நிதி

இதில் நீட்ட ஒன்றுமில்லை. கையில் குறித்த தாள்கள், முடிவான வரைபடம், ஒரு மாதச் சோதனையின் கணக்கு, கையெழுத்துகள் ஆகியவற்றோடு போனால் மாவட்ட நூலக அலுவலரிடம் பேசுவது எளிது, வெறும் கோரிக்கை மனுவைவிட இதற்கு மதிப்பு அதிகம். கிராமம் என்றால் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும், முந்தைய வாரமே ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தரும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியையும் கேட்கலாம். ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலராகச் சேர ஊரில் பலர் தயாராகவே இருப்பார்கள், யாரும் போய்க் கேட்பதில்லை என்பதுதான் குறை.

வேலை நடக்கும்போது வாசலில் ஒரு பலகை வையுங்கள். நீங்கள் கேட்டது, நடந்தது, நடக்காதது, அது ஏன் நடக்கவில்லை. இந்த நான்காவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஏசி கேட்டீர்கள், மின்கட்டணம் கட்ட வழியில்லை, அதனால் கூரைக்கு வெள்ளை அடித்து இரண்டு ஃபேன் கூட்டியிருக்கிறோம் என்று வெளிப்படையாக எழுதினால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் அடுத்த முறை கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள், வராததில் நியாயமும் இருக்கிறது.

திறந்த பிறகு

கேரளத்தில் கிராம நூலகங்களை நடத்துவதே உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் குழுதான். நம்முடையவை அரசு நூலகங்கள், அந்த ஏற்பாடு இங்கே இல்லை, ஆனால் வாசகர் வட்டம் இருக்கிறது. பல ஊர்களில் அது மாதம் ஒரு நூல் அறிமுகக் கூட்டம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. இலக்கியக் கூட்டம் நடக்கட்டும், அது வேண்டும். அதோடு அந்த வட்டத்தில் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர், மகளிர் குழுவிலிருந்து ஒருவர், நூலகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் ஒருவர், உயர்நிலைப் பள்ளி மாணவர் இரண்டு பேர் என்று சேர்த்து, வருடத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுங்கள். மேசை எங்கே, எந்த நேரம் யாருக்கு, சாவி யாரிடம் என்பதை அவர்கள் நூலகரோடு உட்கார்ந்து மாதாமாதம் பேசட்டும்.

சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் நூலகங்களுக்காக 1931இல் சொன்ன ஐந்து விதிகளில் கடைசியாக, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்று வைத்தார். கட்டடம் திறந்து ஆறு மாதம் ஆனதும் மறுபடி இருபது பிரதி எடுத்து ஒரு வாரம் குறியுங்கள். எந்தத் தெருவிலிருந்து புதிதாக உறுப்பினர் சேர்ந்திருக்கிறார்கள், பெண்கள் இப்போது உட்காருகிறார்களா, மாலையில் சிறுவர்களுக்கு நாற்காலி கிடைக்கிறதா என்று மூன்றையும் பழைய தாளோடு வைத்துப் பாருங்கள். மாறாமல் இருப்பது எதுவோ அதை அடுத்த வாசகர் வட்டக் கூட்டத்தில் முதல் பொருளாக வையுங்கள்.